விரை வலி: ஆறு மணி நேரக் கணக்கு

1933-ஆம் ஆண்டு 'பிரெய்ன்' என்ற நரம்பியல் ஆய்விதழில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் உடற்கூறியல் பேராசிரியர் ஹெர்பர்ட் வுல்லார்டு. மற்றவர் லண்டன் நரம்பியல் மருத்துவர் எட்வர்டு ஆர்னால்டு கார்மைக்கேல். அவர்கள் செய்த சோதனையைப் படிக்கும் எந்த ஆணும் தன்னையறியாமல் கால்களை ஒட்டி வைத்துக்கொள்வான். படுத்திருப்பவரின் விரை மேல் ஒரு தராசுத் தட்டு. அந்தத் தட்டில் ஒவ்வொன்றாக ஏற்றப்படும் எடைக்கற்கள். ஒவ்வொரு எடைக்கும் வலி எங்கே தெரிகிறது, எப்படித் தெரிகிறது என்று குறிப்பு. பிறகு அந்தப் பகுதிக்கு வரும் நரம்புகளை ஊசி போட்டு மரக்கச் செய்து, மறுபடியும் எடை ஏற்றினார்கள்.

எடை குறைவாக இருந்தபோது தொடை இடுக்கில் ஒரு சங்கடம் தெரிந்தது. எடை ஏற ஏற அது வலியாகி, முதுகு வரை பரவியது. விரைப்பைத் தோலுக்கு வரும் நரம்புகளை மரக்கச் செய்த பிறகும், வயிற்றைப் பிரட்டும் அந்த ஆழ்ந்த வலி மட்டும் போகவில்லை. அப்படியானால் அந்த வலியைச் சுமந்து செல்லும் வழி வேறு. தோலுக்கு ஒரு பாதை, உள்ளே இருக்கும் விரைக்கு வேறொரு பாதை.

இரண்டு பாதைகள் ஏன் என்பதற்கான விடை தாயின் கருவறையில் இருக்கிறது. ஆண் சிசுவுக்கு விரைகள் உருவாகும் இடம் தொடை இடுக்கு அல்ல. வயிற்றின் பின்சுவரில், சிறுநீரகத்தை ஒட்டி அவை தோன்றுகின்றன. அங்கிருந்து மெல்ல இறங்கி, பெரும்பாலும் எட்டாம் மாதவாக்கில் விரைப்பைக்குள் வந்து சேர்கின்றன. வரும்போது தமக்கான ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகின்றன. இடம் மாறிவிட்டது, நரம்பின் வேர் மாறவில்லை. விரையின் வலி இன்றும் தண்டுவடத்தில் தொப்புள் மட்டத்துக்கான இடத்தில்தான் போய்ச் சேர்கிறது. கிரிக்கெட் பந்து கீழே பட்டவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி விழுவதும், அடுத்த நொடி அவனுக்குக் குமட்டுவதும் இதனால்தான்.

இந்தப் பாதையில் எதிர்த் திசையிலும் குழப்பம் நடக்கும். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் கல் குழாயில் சிக்கினால், விலாவில் தொடங்கும் வலி அதே பக்க விரையில் போய்த் தெறிக்கும். அப்போது விரையைத் தொட்டுப் பார்த்தால் வீக்கமில்லை, அழுத்தினால் வலியும் கூடுவதில்லை. வயதானவர்களில் வயிற்றுப் பெருந்தமனி வீங்கி வெடிக்கும் நிலையில் இருக்கும்போதும் அரிதாக இதே போன்ற வலி வரும். ஆக, விரை வலி என்று வருகிறவருக்கு நோய் வயிற்றில் இருக்கலாம். வயிற்று வலி என்று வருகிறவருக்கு நோய் விரையில் இருக்கலாம். எதைத் தவறவிட்டாலும் இழப்பு பெரிது.

வெளியே தொங்குவதன் விலை

இதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாம் எலும்புக்கும் தசைக்கும் பின்னால் பத்திரமாக இருக்க, விரைகள் மட்டும் ஏன் வெளியே? விந்தணு உற்பத்திக்கு உடலின் உள் வெப்பம் ஒத்துவருவதில்லை. அதைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். இதற்காகவே உடல் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. விரைக்குப் போகும் தமனியைச் சுற்றிச் சிரைகள் வலையாகப் பின்னியிருக்கின்றன. மேலே திரும்பும் குளிர்ந்த ரத்தம், கீழே இறங்கும் சூடான ரத்தத்தின் வெப்பத்தை வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. குளிர்காலத்தில் ஒரு மெல்லிய தசை விரைகளை உடலோடு இழுத்து அணைக்கிறது. வெயிலில் தளர விடுகிறது.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு கொடியை நம்பி இருக்கிறது. தமனி, சிரை, நரம்பு, விந்துக் குழாய் நான்கும் சேர்ந்த அந்த விந்துக்கொடியில்தான் விரை தொங்குகிறது. வேறு ரத்த வழி போதுமான அளவு கிடையாது. பெரும்பாலான ஆண்களுக்கு விரையின் பின்பக்கம் பையின் சுவரோடு ஒட்டியிருப்பதால் அது அசைந்தாலும் சுழலாது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஒட்டு இல்லை. அவர்களுக்கு விரை, கோயில் மணியின் நாக்கு போலத் தனியாக ஆடும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் அப்படித்தான் இருக்கும். ஆடுவது ஒருநாள் சுழன்றும் விடலாம்.

விரை வலியோடு வருகிறவரிடம் அனுபவமுள்ள மருத்துவர் முதலில் கேட்பது 'எவ்வளவு வலிக்கிறது' என்று அல்ல. 'எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு வேகமாக ஏறியது' என்று. வலியின் அளவு ஏமாற்றும். அது வந்த வேகம் ஓரளவு நம்பகமானது. இந்த அத்தியாயமும் அந்த வரிசையில்தான் போகிறது.

நிமிடங்களில் வரும் வலி

அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கு நன்கு பழகிய ஒரு சம்பவ வரிசை உண்டு. பத்தாம் வகுப்புப் பையன். அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுகிறான்.

"அம்மா, வயிறு வலிக்குது."

"ராத்திரி பரோட்டாவைத் தின்னா வலிக்காம என்ன செய்யும்?"

ஓம வாட்டர் உள்ளே போகிறது. பையன் வாந்தி எடுக்கிறான். வாந்தி வந்ததும் பரோட்டாதான் காரணம் என்று வீடே முடிவு கட்டிவிடுகிறது. தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கிறார்கள். 'சூடு பிடிச்சிருக்கும்' என்று பாட்டி தயிரில் வெந்தயம் போட்டுக் கொடுக்கிறார். காலையில் தெருமுனை கிளினிக்கில் வாயுவுக்கு ஒரு மாத்திரை. மதியத்துக்கு மேல் அவன் காலை அகட்டி நடப்பதைப் பார்த்து அப்பா பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்.

"வேற எங்கயாவது வலிக்குதா தம்பி?"

பையன் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறான். மருத்துவருக்குப் புரிகிறது. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க." கதவு மூடிய பிறகுதான் பதில் வருகிறது: "கீழயும் வலிக்குது சார்." வலி தொடங்கிப் பதினான்கு மணி நேரம் ஆகிவிட்டது.

இதன் பெயர் விரை முறுக்கம். கொடி தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. முறுக்கு விழுந்ததும் முதலில் அடைபடுவது மெல்லிய சுவர் கொண்ட சிரை. தமனியின் சுவர் தடித்தது. அது இன்னும் ரத்தத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். வந்த ரத்தம் திரும்ப வழியில்லாமல் விரை வீங்குகிறது. வீக்கம் கூடக்கூடத் தமனியும் அடைபடுகிறது. அதற்குப் பிறகு திசுக்கள் ஆக்சிஜன் இல்லாமல் சாகத் தொடங்குகின்றன.

முறுக்கு விழுந்து 6 மணி நேரத்துக்குள் அதை அவிழ்த்துவிட்டால் பத்தில் ஒன்பது விரைகளுக்கு மேல் பிழைக்கும். 12 மணி நேரம் ஆனால் ஏறக்குறைய பாதி. 24 மணி நேரம் கடந்தால் பெரும்பாலும் அகற்றத்தான் வேண்டியிருக்கும். முறுக்கு முழுதாக இல்லாமல் பாதியாக இருந்தால் இந்தக் கணக்கு நீளலாம். ஆகவே நேரம் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. 25 வயதுக்குட்பட்ட ஆண்களில் ஆண்டுக்குச் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இது வருவதாகக் கணக்கு. 12 முதல் 18 வயதுக்குள் அதிகம். பிறந்த குழந்தைகளிடமும் வரும். நாற்பது வயதிலும் வராது என்று உறுதி சொல்ல முடியாது. விளையாடும்போது வரலாம், அடிபட்ட பின் வரலாம். ஒன்றுமே செய்யாமல் தூங்கிக்கொண்டிருக்கும்போது வருவதும் சகஜம்.

மருத்துவர் பார்ப்பது சில அடையாளங்களை. வலிக்கும் விரை மற்றதைவிட மேலே ஏறி, கிடைமட்டமாகத் திரும்பியிருக்கிறதா? தொடையின் உட்பக்கத்தை மெல்ல வருடினால் அந்தப் பக்க விரை தானாக மேலே எழ வேண்டும். எழவில்லையென்றால் முறுக்கம் என்ற சந்தேகம் பலமாகிறது. டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரியும். ஆனால் அறிகுறிகள் தெளிவாக இருந்தால், ஸ்கேனுக்காகக் காத்திருப்பதைவிட நேராக அறுவை அரங்குக்குப் போவதே முறை. திறந்து பார்த்து முறுக்கு இல்லையென்றால் ஒரு சிறிய தழும்போடு போயிற்று. இருந்து திறக்காமல் விட்டால் விரை போயிற்று.

அறுவை அரங்கில் நடப்பதைப் பார்த்தால் நேரத்தின் மதிப்பு கண்ணுக்கே தெரியும். விரைப்பையைத் திறந்ததும் கருநீலமாகக் கிடக்கிறது விரை. கொடியின் முறுக்கை ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்கிறார்கள். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். சில நிமிடங்களில் கருநீலம் வெளிறி இளஞ்சிவப்பு திரும்பினால் விரை பிழைத்துவிட்டது; மறுபடி சுழலாதபடி பையின் உட்சுவரோடு தைத்துவிடுகிறார்கள். நிறம் திரும்பவே இல்லையென்றால் அகற்றுகிறார்கள். எதுவானாலும் மறுபக்க விரையையும் அப்போதே தைத்து நிறுத்துவார்கள். பிறவி அமைப்பு இரண்டு பக்கமும் ஒன்றுதானே. ஒரு விரை போனாலும் மற்றது நன்றாக இருந்தால் ஆண் ஹார்மோன் சுரப்புக்கும் குழந்தைப் பேற்றுக்கும் பொதுவாகக் குறை வராது. ஆனால் தவிர்த்திருக்கக் கூடிய இழப்பு அது.

சில பையன்களுக்கு முறுக்கு தானாக விழுந்து தானாகவே அவிழும். பத்து நிமிடம் உயிர் போகிற வலி, பிறகு ஒன்றுமே நடக்காதது போல. இப்படி இரண்டு மூன்று முறை வந்து போயிருந்தால் அதை நிம்மதி என்று எண்ணக் கூடாது. அடுத்த முறை அவிழாமல் போகலாம் என்பதால் முன்கூட்டியே அறுவை செய்து தைத்துவிடுவது நல்லது.

முறுக்கத்தைப் போலவே தோற்றமளிக்கும் இன்னொன்றும் உண்டு. விரையின் மேல்முனையில் கருவளர்ச்சிக் காலத்தின் எச்சமாகச் சில மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு தொங்கல் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியலாளர் மோர்கான்யியின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. உடலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது முறுக்கிக்கொண்டால் விரையின் உச்சியில் மட்டும் வலிக்கும்; சிலரிடம் தோலுக்கு அடியில் ஒரு நீலப் புள்ளி தெரியும். ஓய்விலும் வலி மாத்திரையிலும் சில நாளில் அடங்கிவிடும். ஆனால் இது அதுதான் என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். வீட்டில் ஊகித்துக்கொண்டு காத்திருக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் ஓர் அவசரம் வரலாம். படுத்தால் உள்ளே போய்க்கொண்டிருந்த வீக்கம் ஒருநாள் கல்லாக இறுகி, உள்ளே போக மறுத்து, வலியும் வாந்தியும் சேர்ந்தால் குடல் சிக்கிக்கொண்டது என்று பொருள். அதையும் மணிக்கணக்கில்தான் எண்ண வேண்டும்.

நாள்கணக்கில் ஏறும் வலி

விரையின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் விந்துநாளச் சுருளை நீட்டிப் பிடித்தால் சுமார் ஆறு மீட்டர் வரும். விந்தணுக்கள் முதிர்வது அங்கேதான். பெரியவர்களிடம் விரை வலிக்கு மிக அதிகமான காரணம் இந்தச் சுருளில் வரும் தொற்று. வலி ஒரே இரவில் பாய்ந்து வராது; ஒன்றிரண்டு நாளில் படிப்படியாக ஏறும். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், காய்ச்சல், விரைப்பை சிவந்து வீங்குவது எல்லாம் கூட வரலாம்.

கிருமி எங்கிருந்து வந்தது என்பதற்கு வயது ஒரு துப்பு. 35 வயதுக்குட்பட்டவர்களிடம் பெரும்பாலும் உடலுறவு வழியே வரும் கிளமிடியா, கொனோரியா. அதற்கு மேற்பட்டவர்களிடம் குடலில் வாழும் ஈ-கோலை, சிறுநீர்ப் பாதை வழியே ஏறுகிறது. புராஸ்டேட் வீக்கம் சிறுநீரைத் தேக்கி அதற்கு வழி செய்து கொடுக்கும். மருந்து இரண்டுக்கும் வேறு வேறு. ஆகவே மருந்துக் கடையில் 'ஆன்டிபயாடிக் ஒரு அட்டை' என்று கேட்டு வாங்குவது பாதி வைத்தியம்கூட இல்லை. சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும். பால்வினைக் கிருமி என்றால் துணைவருக்கும் சேர்த்து மருந்து வேண்டும். வலி மூன்று நாளில் குறைந்தாலும் சொன்ன நாள் வரை மாத்திரையை முடிக்க வேண்டும். வீக்கம் வடிய வாரங்கள் ஆகும். பதின்வயதுப் பையனுக்கு இந்தத் தொற்றுதான் என்று முடிவு கட்டுமுன் முறுக்கம் இல்லை என்பதை உறுதி செய்வது எழுதப்படாத சட்டம்.

ஆன்டிபயாடிக்குக்கு அடங்காமல், அதிக வலியும் இல்லாமல், சுருள் கெட்டிப்பட்டுக்கொண்டே போனால் நம் ஊரில் காசநோயை நினைக்க வேண்டும். நுரையீரலில் தொடங்கும் அந்தக் கிருமி ரத்தத்தின் வழியே இங்கும் வந்து தங்கும். விந்துக்குழாய் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். சிலருக்கு விரைப்பையின் பின்புறம் புண் திறந்து சீழ் கசியும். ஆறு மாதக் காசநோய் மருந்து இதைக் குணப்படுத்தும்.

பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைக்குக் கன்னம் வீங்குவதை எல்லோரும் அறிவார்கள். பருவம் அடைந்த பிறகு அது வந்தால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, கன்னம் வீங்கிய நான்காம் நாள் முதல் எட்டாம் நாளுக்குள் விரையும் வீங்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான். 'இனி குழந்தை பிறக்காது' என்ற பேச்சு மிகை. விரை ஓரளவு சுருங்கலாம், விந்தணு குறையலாம், முழு மலட்டுத்தன்மை அரிது. 2017-ல் தமிழகப் பள்ளிகளில் பெரிய அளவில் போடப்பட்ட ஊசி தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்குமானது. பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து அதில் இல்லை. மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசி குழந்தைக்குப் போடப்பட்டதா என்று பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யானைக்கால் நோய் என்றால் காலை மட்டுமே நினைக்கிறோம். அந்த நோயைத் தரும் நூற்புழு, ஆண்களிடம் விரும்பித் தங்குமிடம் விரைப்பையின் நிணநீர்க் குழாய்கள். ஸ்கேன் திரையில் உயிருள்ள புழுக்கள் நெளிவதை மருத்துவர்கள் நேராகவே பார்க்கிறார்கள். புழு சாகும்போது அந்த இடம் வீங்கி வலிக்கும், காய்ச்சல் வரும். நிணநீர் வடிய வழியில்லாமல் விரையைச் சுற்றி நீர் சேர்வதைத்தான் ஊரில் ஓதம் என்கிறார்கள். சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு இதைப் பரப்புகிறது. 2016-ல் இலங்கையில் இந்நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தியா இன்னும் அந்தக் கோட்டை எட்டவில்லை. ஓதத்துக்கு அறுவை சிகிச்சை எளியது. வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு இருபது ஆண்டு வாழ வேண்டிய அவசியம் இல்லை.

இந்த வரிசையில் ஒன்று மட்டும் உயிரையே எடுக்கும். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கு விரைப்பைத் தோலிலோ ஆசனவாய் ஓரத்திலோ சின்னக் கொப்புளமாகத் தொடங்கி, மணிக்கணக்கில் தோலடித் திசுவை அழுகச் செய்யும் தொற்று அது. 1883-ல் இதை விரிவாக விவரித்த பாரிஸ் மருத்துவர் ஃபூர்னியேயின் பெயர் இதற்கு உண்டு. கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம், வலி அதைவிடப் பன்மடங்கு. காய்ச்சல், துர்நாற்றம், தோல் கருத்துப்போவது. சர்க்கரை உள்ளவருக்கு இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனை.

மாதக்கணக்கில் இருக்கும் வலி

நாள் முழுக்க நின்று வேலை செய்து மாலையில் இடப்பக்கம் கனமாக இழுப்பது போல வலித்து, படுத்தால் குறைந்தால், அது பெரும்பாலும் சிரைப் புடைப்பு. வெரிகோசில் என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருப்பார்கள். ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு இது இருக்கிறது. ஏன் இடப்பக்கம்? வலப்பக்கச் சிரை நேரடியாகப் பெருஞ்சிரையில் சாய்வாகச் சேர்கிறது. இடப்பக்கச் சிரை இன்னும் மேலே ஏறி, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய் முட்டுகிறது. நீளமும் அதிகம், அழுத்தமும் அதிகம். பலருக்கு வைத்தியமே தேவையில்லை. வலி தொடர்ந்தாலோ குழந்தைப் பேறு தாமதமாகி விந்தணுக்கள் குறைந்திருந்தாலோ அறுவை பற்றி யோசிப்பார்கள். வலப்பக்கம் மட்டும் திடீரென்று புடைத்தாலும், படுத்தும் வடியாவிட்டாலும் வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். சிறுநீரகக் கட்டி சிரையை அடைத்திருக்கலாம்.

ஆண் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு நீடித்த வலி வருவதுண்டு. அதற்கும் வைத்தியம் உண்டு. முதுகெலும்பில் நரம்பு நசுங்கினாலும் வலி இங்கே தெரியலாம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிகளில் கணிசமானவற்றுக்கு எல்லாப் பரிசோதனைக்குப் பிறகும் காரணம் பிடிபடுவதில்லை. அது கற்பனை என்று பொருளல்ல. இறுக்கமான உள்ளாடையின் தாங்கல், வலி மருந்து, தேவைப்பட்டால் நரம்புக்கு ஊசி என்று படிப்படியாகக் குறைக்கலாம்.

நெடுநேரப் பாலுணர்ச்சிக்குப் பின் விந்து வெளியேறாமல் போனால் வரும் மந்தமான வலி, தேங்கிய ரத்தம் வடிந்ததும் தானாகப் போய்விடும். ஆபத்தில்லை. இந்த இடத்தில்தான் ஒரு வியாபாரம் நடக்கிறது. மாதத்தில் இன்ன தேதிகளில் இன்ன ஊர் லாட்ஜில் தங்கியிருப்பதாக விளம்பரம் செய்பவர்கள், சிறுவயதுக் கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்து விரை சுருங்கிவிட்டதாக இளைஞர்களைப் பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்கள். கைப்பழக்கம் விரைக்கு எந்தக் கேடும் செய்வதில்லை. கனவில் விந்து வெளியேறுவதும் இயல்பு. விந்து போனால் உயிர்ச்சத்து போகும் என்ற பயமே உடல்வலியாக, சோர்வாக மாறுவதை 1960-ல் மனநல மருத்துவர் நரேந்திரநாத் விக் 'தாத் நோய்க்குறி' என்று பெயரிட்டு விவரித்தார். அங்கே வைத்தியம் தேவைப்படுவது பயத்துக்கு. விரை முறுக்கமோ புற்றோ உள்ளவன் அந்த லாட்ஜில் லேகியம் வாங்கிக்கொண்டு திரும்பினால் அவன் இழப்பது பணத்தை மட்டுமல்ல.

வலிக்காத ஆபத்து

1996 அக்டோபரில் அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு வயது 25. வீங்கிய விரையைக் கொஞ்ச காலமாகக் கண்டுகொள்ளாமல் இருந்தவர் இருமலில் ரத்தம் வந்த பிறகு மருத்துவரிடம் போனார். அதற்குள் புற்று வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. ஊக்கமருந்துக் குற்றத்துக்காகப் பின்னாளில் அவருடைய டூர் டி ஃபிரான்ஸ் பட்டங்கள் பறிபோயின. ஆனால் அந்த நோயிலிருந்து அவர் முற்றிலும் குணமானது உண்மை.

அதைச் சாத்தியமாக்கியது ஒரு தற்செயல். 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற அறிவியலாளர், மின்புலத்தில் பாக்டீரியாக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவை வளர்ந்தன, பிளவுபட மட்டும் மறந்து நூலாக நீண்டன. காரணம் மின்சாரம் அல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் என்று தெரியவந்தது. அதிலிருந்து பிறந்தது சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து. 1974-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதை வேறு இரு மருந்துகளோடு சேர்த்து, சாவின் விளிம்பில் இருந்த ஜான் கிளீலண்ட் என்ற இளைஞருக்குக் கொடுத்தார். கிளீலண்ட் பிழைத்தார். இன்று விரைப் புற்று, தொடக்கத்தில் கண்டறிந்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகும் நோய். கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்குக்கு நுரையீரல்களுக்கு நடுவே வந்த கட்டியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 2012-ல் அவர் சிகிச்சை பெற்றதும் இண்டியானாபோலிஸில் ஐன்ஹார்னிடம்தான்.

இந்தியாவில் இந்தப் புற்று குறைவு. ஆனால் வருவது 15 முதல் 40 வயதுக்குள், மருத்துவரையே எட்டிப் பார்க்காத வயதில். பெரும்பாலும் வலிப்பதில்லை, ஒரு கெட்டியான கட்டி, அல்லது ஒரு பக்கம் பெரிதாகிக் கனப்பது, அவ்வளவுதான். பிறந்தபோது கீழே இறங்காத விரை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அதனால்தான் குழந்தைக்கு ஆறு மாதமாகியும் விரை இறங்காவிட்டால், ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து இறக்கி வைக்கச் சொல்கிறார்கள். வெந்நீரில் குளித்த பின் தோல் தளர்ந்திருக்கும்போது ஒவ்வொரு விரையையும் விரல்களுக்கிடையே மெல்ல உருட்டிப் பார்த்தால் இயல்பு எது என்று கைக்குத் தெரிந்துவிடும். பின்பக்கம் மெத்தென்று தட்டுப்படுவது விந்துநாளச் சுருள். அது கட்டி அல்ல. விரையிலேயே புதிதாக ஒரு கெட்டிப்பு இருந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

எப்போது, எங்கே போவது

இந்த நிமிடமே, மணி எத்தனையானாலும், அவசரப் பிரிவுக்கு:

- திடீரென்று வந்த கடும் விரை வலி, குறிப்பாக 25 வயதுக்குட்பட்டவருக்கு. வாந்தியும் சேர்ந்தால் இன்னும் அவசரம்.
- பையனுக்கு வந்த அடிவயிற்று வலியோடு விரையிலும் வலி அல்லது வீக்கம்.
- அடிபட்டு ஒரு மணி நேரம் கழித்தும் குறையாத வலி, கருத்து வீங்கிய விரைப்பை.
- உள்ளே போகாமல் இறுகிய குடலிறக்கம்.
- சர்க்கரை நோயாளிக்கு விரைப்பைத் தோல் சிவந்து, கருத்து, கடுமையாக வலிப்பது.
- விலாவலியோடு குளிர்காய்ச்சல், அல்லது வயதானவருக்கு முதுகு, வயிற்று வலியோடு மயக்கம்.

அதே நாளிலோ மறுநாளிலோ: மெல்ல ஏறும் வலி, சிறுநீர் எரிச்சல், காய்ச்சல், ஆண்குறியிலிருந்து சீழ். ஓரிரு வாரத்துக்குள்: வலியில்லாத கட்டி, பெரிதாகும் விரை, இழுக்கும் வலி, சேர்ந்துவரும் நீர்.

முறுக்கம் என்று சந்தேகம் இருந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது. சாப்பாடு, காபி, தண்ணீர் எதுவும் வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க நேரிடலாம். வலி மாத்திரை போட்டுப் பொறுத்துப் பார்ப்பது நேரத்தைத் தின்னும். அறுவை அரங்கும் அறுவை மருத்துவரும் எப்போதும் இருக்கும் இடத்துக்கே நேராகப் போக வேண்டும்; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் அப்படிப்பட்டவை. 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். போனதும் மறைக்காமல் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும்: "விரையில வலி. இத்தனை மணிக்கு ஆரம்பிச்சது."

அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லும் தைரியத்தைப் பிள்ளைக்கு யாராவது முன்பே கொடுத்திருக்க வேண்டும். பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு பற்றித் தாயோ அத்தையோ சொல்லித் தரும் வழக்கம் எத்தனை அரைகுறையாக இருந்தாலும் நம் வீடுகளில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு அப்படி ஒருவரும் இல்லை. பத்து வயதுப் பையனிடம் அப்பாவோ மாமாவோ உடற்பயிற்சி ஆசிரியரோ ஒரே ஒரு முறை, "அங்க எப்ப வலிச்சாலும், நடு ராத்திரியா இருந்தாலும், உடனே என்னை எழுப்பிச் சொல்லு. திட்ட மாட்டேன்" என்று சொல்லி வைக்க அரை நிமிடம் போதும். ஆறு மணி நேரக் கணக்கில் முதல் மணி நேரம் வீட்டில்தான் தொடங்குகிறது. அதை வீணாக்குவதும் காப்பாற்றுவதும் பெரியவர்களின் கையில் இருக்கிறது.